வேலையை விடாம மனநல நர்சிங் மேல்படிப்பு: தபால்ல படிச்சா செல்லுமா?

முக்கூடல் சிஸ்டர் (இரவு 2.50)

அக்காமாரே, அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமா போயிரும், பொறுத்துக்கோங்க. நைட் டியூட்டில உக்காந்து போன்ல தட்டுதேன்.

ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ) முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு. நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு, ரினியூவலும் பண்ணியாச்சு. இப்ப திருநெல்வேலி டவுன் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆர்த்தோ வார்டு. கையில வாரது 15,500. பாதி வீட்டு லோனுக்குப் போயிருது. எங்கம்மை பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வச்சா. கழுத்து வலியோட இன்னைக்கும் மடியில சொளகை வச்சுக்கிட்டுத்தான் இருக்கா. அதனால வேலையை விட்டுட்டுப் படிக்கப் போறேன்னு வீட்டுல வாயைத் திறக்க முடியாது.

திடீர்னு ஏன் மனநல நர்சிங்னு கேப்பீங்க. போன மாசம் ஒரு ராத்திரி. மானூர் பக்கத்துப் பையன், 24 வயசு, பைக்ல விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போயிட்டு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் சாதுவா கிடந்தான். மூணாம் நாள் சாயங்காலத்துல இருந்து ஒரே துள்ளல். வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, போர்வையில எறும்பு ஓடுதுன்னு தட்டித் தட்டி விடுதான், ட்ரிப்பைப் பிடுங்கிட்டான். டியூட்டி டாக்டர், ஆளை அமைதிப்படுத்துற ஹாலோபெரிடால் ஊசி போடச் சொன்னாவ. போட்டேன். பொறவு இன்னொண்ணும் போட்டாச்சு.

காலைல நாலு மணி இருக்கும். அவுக அம்மை ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுக்கா. போய்ப் பாத்தா கழுத்து இடது பக்கமா திருகி நிக்கி. கண்ணு மேல சொருகிட்டு. நாக்கு வெளிய தள்ளுது, பேச வரல. ஆனா நினைவு இருக்கு, என்னையே பாக்கான். "எய்யா சொடலை, எம் புள்ளையை விட்டுரும்"னு அந்தம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த திருநீறை எடுத்து நெத்தியில அப்புதா. எனக்குக் காலு ஓடல. ஃபிட்ஸுன்னு நினைச்சு வாயில வைக்க காஸ் துணியைத் தேடுதேன். டாக்டர் வந்தாவ, சார்ட்டைப் பாத்தாவ, "ஃபெனர்கன் போடுங்க"ன்னு ஒத்த வார்த்தை. அரை மணி நேரத்துல கழுத்து தானா நேரா வந்துட்டு. அந்தம்மா இன்னமும் திருநீறாலதான்னு சொல்லிக்கிட்டு இருப்பா.

வீட்டுக்குப் போய் பழைய புஸ்தகத்தை எடுத்துப் பாத்தேன். ஹாலோபெரிடால் பக்கவிளைவுல கழுத்துத் தசை இறுகும்னு ஒரு வரி. பச்சை மையில கோடு வேற போட்டு வச்சிருக்கேன். மார்க்கும் வாங்கியிருப்பேன். கண்ணு முன்னால வந்து நிக்கும்போது அது அந்த வரிதான்னு எனக்குத் தெரியல. அன்னைல இருந்து இந்தப் படிப்பு மேல ஒரு கிறுக்கு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். வண்ணார்பேட்டையில ஒரு ஏஜென்ட். "எம்.எஸ்சி. சைக்கியாட்ரிக் நர்சிங், டிஸ்டன்ஸ், ஒன்றரை வருஷம், 85,000. வார்டு போஸ்டிங் எதுவும் கிடையாது, பரீட்சைக்கு மட்டும் ரெண்டு நாள் வெளி மாநிலம் போய்ட்டு வந்தா போதும்"ங்காரு. நான் பி.எஸ்சி. இல்லையேன்னு கேட்டேன். "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சிஸ்டர்"னு சிரிச்சாரு. சனிக்கிழமைக்குள்ள 10,000 அட்வான்ஸ் கட்டணுமாம்.

கட்டலாமா? இது செல்லுமா? வேற வழி உண்டா? பெரியம்மைகிட்ட சொன்னேன், "கோட்டி ஆஸ்பத்திரி நர்ஸா போனா உன்னை எவன் கட்டுவான்"னு அவ கவலை அவளுக்கு.

---

பாளை பையன் (காலை 7.15)

கட்டாதீங்க சிஸ்டர். பி.எஸ்சி. இல்லாம எம்.எஸ்சி.யை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவாராம்? மாடி இல்லாத வீட்டுல மொட்டைமாடி வாடகைக்கு விடுற கதையால்ல இருக்கு.

இன்னொண்ணு. நர்சிங் இல்லாட்டி சைக்காலஜி எம்.எஸ்சி. தபால்ல தாரேன்னு அதே ஆளு அடுத்து வருவாரு. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து அதையும் தொலைநிலையில நடத்தக்கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்திட்டு. முன்னாடியே சொல்லி வைக்கேன்.

---

பழைய வார்டு அக்கா (பகல் 1.30)

தங்கச்சி, முதல்ல அந்த ஆளு நம்பரை பிளாக் பண்ணு. பொறவு நிதானமா இதைப் படி.

நான் இதுல கையைச் சுட்டுக்கிட்டவ. 2009-ல இதே மாதிரி ஒருத்தர் பேச்சை நம்பி, மனநல நர்சிங்ல முதுநிலை டிப்ளமோன்னு 38,000 கட்டுனேன். மூணு பார்சல் வந்துச்சு. பிரிச்சா எல்லாம் ஜெராக்ஸ். ஒரு புஸ்தகத்துல 40-ம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 25-ம் பக்கம். பரீட்சை ஒரு கல்யாண மண்டபத்துல நடந்துச்சு, மணமேடையில வாழைமரம் கூட அவுக்கல. புஸ்தகத்தைத் திறந்து வச்சு எழுதுனோம், சூப்பர்வைசரே பக்க நம்பர் சொன்னாரு. சர்டிபிகேட்டு மட்டும் தங்க நிறத்துல முத்திரை குத்தி ஜோரா இருந்துச்சு. அதைக் கூடுதல் தகுதியா பதிய கவுன்சிலுக்குக் கொண்டு போனேன். கவுண்டர்ல இருந்த அம்மா முன்னப் பாத்தாங்க, பின்னப் பாத்தாங்க, ஒரு வார்த்தை பேசாம கண்ணாடிக்குக் கீழ இருந்த சந்து வழியா என் பக்கம் தள்ளிவிட்டாங்க. அந்தக் காகிதம் இன்னும் பீரோவுல கிடக்கு, சேலைக்கு அடியில.

இப்ப நிலவரம் என்னன்னு சொல்லுதேன். நம்ம நாட்டுல எம்.எஸ்சி. நர்சிங்னா ரெண்டு வருஷம், ரெகுலர், முழுநேரம். மனநலம் அதுல ஒரு சிறப்புப் பிரிவு. சேரணும்னா பி.எஸ்சி. நர்சிங் இல்லாட்டி ஜி.என்.எம். முடிச்சவங்க சேர்ற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வேணும், 55 சதவீதம் வேணும், ஒரு வருஷ அனுபவம் வேணும். ஜி.என்.எம்.ல இருந்து நேரா தாவ முடியாது. தபால்ல எம்.எஸ்சி.யை இந்திய நர்சிங் கவுன்சில் ஏத்துக்கிறதே இல்ல. யு.ஜி.சி. 2020-ல கொண்டு வந்த தொலைநிலைக் கல்வி விதிமுறையிலயும் மருத்துவம், பல் மருத்துவம், பார்மசியோட நர்சிங்கையும் சேத்துத்தான் கூடாதுன்னு வச்சிருக்கு. ஜி.என்.எம்.காரங்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல வருஷமா நடத்துன போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. மட்டும் விதிவிலக்கா இருந்துச்சு. அதுவும் சும்மா இல்ல. மூணு வருஷம், நுழைவுத்தேர்வு, ஆஸ்பத்திரியில பிராக்டிகல். வேலை பாத்துக்கிட்டே பட்டம் வேணும்னா அந்த வாசலைத்தான் முதல்ல தட்டணும். இந்த வருஷச் சேர்க்கை அறிவிப்பை இக்னோ இணையதளத்துலயே பாரு, ஏஜென்ட் வாயில கேக்காத.

உனக்குப் பொருத்தமானது வேற. போஸ்ட் பேசிக் டிப்ளமோ, மனநல நர்சிங்ல. ஒரு வருஷம். ஜி.என்.எம். போதும், ஒரு வருஷ அனுபவம் போதும், கவுன்சில்ல கூடுதல் தகுதியா ஏறும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில உண்டு, ராஞ்சி சி.ஐ.பி. மனநல ஆஸ்பத்திரில உண்டு. ஆனா முழுநேரம். வேலையை விட்டுத்தான் ஆகணும், இல்லாட்டி ஆஸ்பத்திரியே அனுப்பி வைக்கணும். நான் 2012-ல சங்கிலியை அடகு வச்சுட்டு நிம்ஹான்ஸ் போனேன். அந்த 38,000 கையில இருந்திருந்தா சங்கிலி கழுத்துலயே கிடந்திருக்கும்.

அங்க போனப்புறம்தான் இது ஏன் தபால்ல வராதுன்னு எனக்கு விளங்குச்சு. நோயாளிகிட்ட பேசினதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் காட்டணும். புராசஸ் ரெக்கார்டிங்னு சொல்லுவாங்க. ஒரு பக்கம் அவர் சொன்னது, ஒரு பக்கம் நான் சொன்னது, இன்னொரு பக்கம் அந்த நேரம் என் மனசுல ஓடுனது. கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர் ஒருத்தர், கடுமையான மனச்சோர்வு, வாயே திறக்க மாட்டாரு. வார்டுல எனக்குத்தான் தமிழ்னு என்கிட்ட விட்டாங்க. இருபது நிமிஷம் பக்கத்துல உக்காந்து எழுதிக் கொண்டு போனேன். மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட ஆரம்பிச்சாங்க. பதினொரு வட்டம். பதினொண்ணும் "சாப்டீங்களா?" நம்ம ஊர்ல வேற எப்படிப் பேச்சு ஆரம்பிக்கும், சொல்லு? மேடம் என்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க: "அவர் பேசாம இருந்ததை அவர் தாங்கிக்கிட்டாரு. உங்களால ஏம்மா முடியல?" அன்னைக்கு ஹாஸ்டல்ல சோறு இறங்கல எனக்கு. மறுநாள் ஒண்ணும் கேக்காம உக்காந்திருந்தேன். பதினாறாவது நிமிஷத்துல "மழை வருமா"ன்னு கேட்டாரு.

அதை எந்தப் பார்சல்ல அனுப்புவான்?

சரி, போக முடியலன்னா சும்மா இருக்க வேண்டாம். நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமின்னு 2018-ல ஆரம்பிச்சாங்க. நர்சுகளுக்குச் சமூக மனநலத்துல ஆன்லைன் படிப்பு உண்டு. டியூட்டி பாத்துக்கிட்டே படிக்கலாம், உன் வார்டு கேஸையே எடுத்துப் பேசலாம். பேரு டிப்ளமோதான், ஆனா மேல சொன்ன ஒரு வருஷ டிப்ளமோவும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிடாத. அறிவுக்குப் படி, பதவிக்கு இல்ல.

இன்னொண்ணு உனக்குச் சிரிப்பா இருக்கும். 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் பாரு, மனநல செவிலியர்னா யாருன்னு போட்டிருக்கும். மனநல நர்சிங் படிச்சவங்க மட்டும் இல்ல, பொது நர்சிங் டிப்ளமோ முடிச்சு மாநில கவுன்சில்ல பதிஞ்சவங்களும் அதுல வருவாங்க. அந்த ராத்திரி காஸ் துணியைத் தேடிக்கிட்டு நின்னியே, அப்பவே சட்டப்படி நீ மனநல செவிலியர்தான். (அதே சட்டம்தான் நோயாளியை எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக்கூடாதுங்குது. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலியில கிடந்து 28 பேர் செத்தாங்க. நீ அப்ப சின்னப் புள்ளையா இருந்திருப்ப.) கை கால் இழுப்போ, கழுத்துல திருகலோ, எது வந்தாலும் வாயில கரண்டியும் துணியும் திணிக்காத, ஃபிட்ஸே ஆனாலும் கூடாது. அது வேற பாடம்.

கடைசியா உன் கதையில ஒரு கேள்வி. கழுத்தை விடு. அந்தப் பையன் மூணாம் நாள் ஏன் துள்ளுனான்? ரெண்டு நாள் சாதுவா கிடந்தவன், வேர்வை, நடுக்கம், போர்வையில எறும்பு. தினமும் குடிக்கிறவனுக்குக் குடி திடீர்னு நின்னு போனா ரெண்டு நாளுக்கும் நாலு நாளுக்கும் நடுவுல இப்படித்தான் வரும். ஆர்த்தோ வார்டுல இது அடிக்கடி வரும், கால் முறிஞ்சவன் கடைக்குப் போக முடியாதுல்லா. அதுக்கு மருந்து வேற, லோராசிபாம் மாதிரி. ஹாலோபெரிடால் தனியா போட்டா ஃபிட்ஸ் வர வாய்ப்பு கூடும். குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னால தயமின் (வைட்டமின் பி1) போகணும். மருந்து முடிவு டாக்டரோடது. கேட்டுச் சொல்றது நம்ம வேலை. அட்மிஷன்ல குடிப்பழக்கம் கேட்டது யாரு? கேஸ் ஷீட்டுல என்ன எழுதியிருக்கு? முடிஞ்சா எடுத்துப் பாரு. தலையில அடியான்னும் பாத்தாங்களான்னு பாரு.

---

வள்ளியூர்–விக்டோரியா (மாலை 4.05)

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. வெளிநாட்டு விஷயம் மட்டும் சேக்கேன், ஏன்னா ஏஜென்ட் அடுத்து "ஆஸ்திரேலியாவுல எல்லாரும் டிஸ்டன்ஸ்லதான் படிக்காவ"ன்னு வருவான். அது பாதி உண்மை.

நான் இங்க ஆஸ்திரேலியாவுல மனநல வார்டுல வேலை பாத்துக்கிட்டே மனநல நர்சிங்ல கிராஜுவேட் டிப்ளமோவை ஆன்லைன்ல முடிச்சவன். இங்க நர்ஸுக்கு ஒரே ரெஜிஸ்டர், மனநலத்துக்குன்னு தனியா கிடையாது. பிரிட்டன்ல தனிப் பிரிவு உண்டு. அதனால இங்க மேல்படிப்பைப் பல்கலைக்கழகங்க தொலைநிலையில தாராளமா நடத்துது. ஆனா சேரும்போதே கேட்டாங்க: இந்த நாட்டு ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கா, மனநல யூனிட்ல வேலை இருக்கா. பாடம் லேப்டாப்புல, வார்டு கண்ணு முன்னால. அசைன்மென்ட் எல்லாம் நேத்து ராத்திரி நான் பாத்த நோயாளியைப் பத்தித்தான். அமெரிக்காவுல மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் ஆன்லைன்ல உண்டு. சான்றிதழ் தேர்வு எழுதணும்னா மேற்பார்வையில நூத்துக்கணக்கான மணி நேரம் நோயாளிகளைப் பாத்திருக்கணும்.

வார்டு போஸ்டிங்கே கிடையாதுன்னு உங்க ஆளு பெருமையா சொன்னாருல்லா, அதுலயே தெரியலையா?

---

ஆலங்குளம் அண்ணன் (இரவு 8.40)

நான் நர்ஸ் இல்ல. என் தம்பிக்குப் பத்து வருஷமா மனச்சிதைவு. அதான் நடுவுல நுழையுதேன்.

புளியம்பட்டி அந்தோணியார் கோவில்ல நாப்பது நாள் தங்குனோம். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போனோம். குலசாமிக்கு கிடா வெட்டுனோம். நாலு வருஷம் கழிச்சுத்தான் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசுனாரு, கூட்டம் அப்படி. பொறவு மாசாமாசம் ஊசி எங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கலாம்னு ஆச்சு.

அங்க ஒரு சிஸ்டர் இருந்தாவ. கிழிக்கிற காலண்டர் ஒண்ணை எங்க அம்மைகிட்ட கொண்டு வரச் சொல்லி, ஊசி நாள்ல எல்லாம் தாளை மடக்கிக் குடுத்தாவ. அம்மைக்குப் படிக்கத் தெரியாது. தினமும் ஒரு தாள் கிழிப்பா, மடக்குன தாள் வந்தா தம்பியைக் கிளப்பிருவா. மூணு வருஷமா ஒரு ஊசி தப்பல. அந்த சிஸ்டர் என்ன படிச்சிருந்தாவன்னு எனக்குத் தெரியாது. டிரான்ஸ்பர்ல போயிட்டாவ. அடுத்து வந்தவங்க ஊசி போடுவாங்க, நிமிந்து பாக்க மாட்டாங்க. தம்பி அந்த வருஷமே ரெண்டு தடவை அட்மிட்.

நீங்க படிங்கம்மா. ராத்திரியில யாருக்காவது உடனே பேசணும்னா 14416-ன்னு அரசோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர் இருக்கு, இலவசம். உங்க வார்டு சுவத்துல எழுதி ஒட்டுங்க. எங்களுக்கு அதுவே ரொம்ப நாள் தெரியாது.

---

முக்கூடல் சிஸ்டர் (எட்டு நாள் கழிச்சு, இரவு 11.20)

எல்லாருக்கும் நன்றி. பணம் கட்டல. ஏஜென்ட் வெள்ளிக்கிழமையே போன் போட்டாரு. "கவுன்சில் இந்தப் படிப்பை ஏத்துக்கிடுதுன்னு ஒரு லெட்டர் காட்டுங்க, இப்பவே கட்டுதேன்"ன்னேன். "சிக்னல் சரியில்ல சிஸ்டர்"னு வச்சுட்டாரு. நிம்ஹான்ஸ் ஆன்லைன் படிப்புக்குப் பேரு குடுக்கப் போறேன். ஒரு வருஷ டிப்ளமோ பத்தி அம்மைகிட்ட இன்னும் பேசல. லோன் முடிய பதினாலு மாசம் இருக்கு, பொறவு பாக்கலாம்.

பழைய வார்டு அக்கா, நீங்க கேட்டதுக்கு. ரெக்கார்டு ரூம்ல சொல்லி கேஸ் ஷீட்டை எடுத்துப் பாத்தேன். தலையில அடி இல்ல, ஸ்கேன் எடுத்திருக்காவ. அட்மிஷன் தாள்ல பழக்கவழக்கம்னு ஒரு கட்டம் இருக்கும்லா, அதுல "இல்லை"ன்னு எழுதியிருக்கு. எழுதுனது என் கையெழுத்து. இப்ப நல்லா ஞாபகம் வருது. அவன் அம்மை அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கா, "குடி, சிகரெட்டு ஏதும் உண்டாப்பா"ன்னு நான் பேனாவைக் கட்டத்துல வச்சுக்கிட்டே கேக்கேன். அவன் அம்மையைப் பாத்தான். "கிடையாது சிஸ்டர்"ன்னான். அடுத்த கட்டத்துக்குப் போயிட்டேன்.

நேத்து ரிவ்யூவுக்கு வந்தான். டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது மருந்துச் சீட்டைக் குடுத்து அம்மையை ஃபார்மசிக்கு அனுப்பிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். ஒண்ணும் கேக்கல. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா, ரெண்டு தடவை "சாப்டியா" நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கேட்டான், அன்னைக்கு ராத்திரி எனக்கு என்ன ஆச்சு, பேயான்னு. ஊசி மருந்தால கழுத்து இறுகும், அது இறங்கிட்டுன்னு சொன்னேன். "அதுக்கு முன்னாடி எறும்பு ஓடுச்சே, அது?"ன்னான். "நீதான் சொல்லணும்"னேன்.

கதவைப் பாத்தான். "பதினெட்டு வயசுல இருந்து, டெய்லி ஒரு குவாட்டர். அம்மைக்குத் தெரியாது"ன்னான்.